எப்டிபியை நம்பிய வருஷம்: ஒரு பவர் மீட்டர் புத்தகத்தை மறுபடி படித்தபோது

போன மாசம் ஆபீஸ்ல கூட வேலை பார்க்கிற பையன் ஒருத்தன் கேட்டான்: "அண்ணா, பவர் மீட்டர் வாங்கிட்டேன். அந்தப் புக்கையும் வாங்கிடலாமா?"

எந்தப் புக்குன்னு நான் கேக்கல. ரோடு சைக்கிள் ஓட்டறவங்க வட்டத்துல "அந்தப் புக்"னா ஒண்ணுதான். ஹண்டர் ஆலன், ஆண்ட்ரூ காகன் இருவரும் எழுதிய 'டிரெய்னிங் அண்ட் ரேசிங் வித் எ பவர் மீட்டர்'. 2006ல் முதல் பதிப்பு, 2010ல் இரண்டாவது, 2019ல் ஸ்டீபன் மெக்கிரெகரும் சேர்ந்து மூன்றாவது. ஆலன் பந்தய வீரராக இருந்து பயிற்சியாளர் ஆனவர். காகன் உடற்பயிற்சி உடலியல் ஆராய்ச்சியாளர், தானும் ஓட்டுபவர். இன்னைக்கு எந்த சைக்கிள் ஆப்பைத் திறந்தாலும் வர்ற எப்டிபி, டிஎஸ்எஸ், நார்மலைஸ்டு பவர் எல்லாம் காகனின் சரக்கு, உலகம் முழுக்கப் பரவினது பெரும்பாலும் இந்தப் புத்தகம் வழியா.

அவன்கிட்ட "வாங்கு"ன்னு சொல்ல வாய் வரல. "வாங்காத"ன்னும் சொல்ல முடியல. ரெண்டுக்கும் நடுவுல என்ன சிக்கல்னு யோசிச்சு எழுதினதுதான் இந்தக் குறிப்பு. கொஞ்சம் சொந்தக் கதையும் வரும், பொறுத்துக்கணும்.

முதல்ல புத்தகத்தோட பெருமை.

பவர் மீட்டர்ங்கிற கருவி 1986ல் ஜெர்மனியில் உல்ரிச் ஷோபரர் என்ற பொறியாளரின் எஸ்ஆர்எம் மூலமாக வந்தது. கிராங்குக்குள்ள ஸ்ட்ரெயின் கேஜ். மிதிக்கும்போது உலோகம் வளையறதை அளந்து, சுற்று வேகத்தால் பெருக்கினா வாட்ஸ். ரொம்ப எளிமையான யோசனை, ஆனா ரொம்ப நாளைக்குப் பணக்காரக் கருவி. கருவி வந்த பிறகும் பல வருஷம் அது கக்கும் எண்களை வச்சு என்ன பண்றதுன்னு தெளிவான வழி சாதாரண ஆளுக்குக் கிடையாது. ஒரு மணி நேரம் ஓட்டினா 3,600 எண். சிக்னல்ல பூஜ்யம், பாலத்துல 400, இறக்கத்துல மறுபடி பூஜ்யம். சராசரி எடுத்தா ஒண்ணும் புரியாது.

இந்த இடத்துலதான் காகன் பண்ணின வேலை அழகு. நார்மலைஸ்டு பவர் எப்படிக் கணக்கிடறாங்கன்னு பாருங்க. 30 நொடி நகரும் சராசரி எடு. ஒவ்வொரு மதிப்பையும் நான்காம் அடுக்குக்கு உயர்த்து. அதுக்கு சராசரி எடு. நான்காம் மூலம் எடு. அவ்வளவுதான். எதுக்கு 30 நொடி? உழைப்பு மாறும்போது உடம்புக்குள்ள நடக்கும் பல மாற்றங்களின் அரை ஆயுள் அந்த அளவில் இருக்கு. எதுக்கு நான்காம் அடுக்கு? பவர் ஏற ஏற ரத்தத்தில் லாக்டேட் எப்படி ஏறுதுன்னு பலரிடம் எடுத்த தரவுக்கு வளைகோடு பொருத்தினப்ப அடுக்கு 3.9 வந்தது, அதை 4 ஆக்கிட்டார். அதாவது, கடுமையா மிதிக்கிறதுக்கு உடம்பு கொடுக்கிற விலை நேர்கோட்டுல ஏறாது, செங்குத்தா ஏறும். அரை மணி 300 வாட், அரை மணி 100 வாட் ஓட்டினா சராசரி 200தான். நார்மலைஸ்டு பவர் 253 காட்டும். அன்னைக்கு வீட்டுக்கு வந்து சோபாவுல விழுந்தவனைக் கேட்டா, 253ன்னுதான் சொல்லுவான்.

ஒரு பொறியாளனா எனக்கு இந்த அத்தியாயம் ரொம்பப் பிடிச்சது. உடலியல் அறிவை நாலு வரி கோடுல அடக்கிட்டார். குவாட்ரன்ட் அனாலிசிஸ் பகுதியும் அப்படித்தான். ஒரே 250 வாட்டை மெதுவா அழுத்தி மிதிச்சும் எடுக்கலாம், லேசா வேகமா சுத்தியும் எடுக்கலாம். மிதி விசை ஒரு அச்சு, மிதி வேகம் ஒரு அச்சுன்னு வரைஞ்சா பந்தயத்துக்குப் பந்தயம் படம் எப்படி மாறுதுன்னு காட்டறாங்க. நிறையப் பேர் இதைத் தாண்டிப் போயிடறாங்க. போகாதீங்க.

இப்ப குறைக்கு வர்றேன்.

புத்தகத்தின் அஸ்திவாரம் எப்டிபி. சோர்ந்து போகாமல், ஏறத்தாழ ஒரு மணி நேரம், ஒரு மாதிரி நிலையாகத் தக்கவைக்கக்கூடிய அதிகபட்ச பவர் என்பது அதன் வரையறை. ஏழு பயிற்சி நிலைகளும் இதன் சதவீதம்தான். 56லிருந்து 75 வரை எண்டியூரன்ஸ், 91லிருந்து 105 வரை திரெஷோல்டு, இப்படி. டிஎஸ்எஸ் இதை வச்சுத்தான். டிஎஸ்எஸ்ஸின் மேல கட்டின பெர்ஃபார்மன்ஸ் மேனேஜர் வரைபடமும் இதை வச்சுத்தான். ஒரே ஒரு எண்ணின் மேல மூணு மாடி.

அந்த எண்ணை எப்படிக் கண்டுபிடிக்கிறது? ஒரு மணி நேரம் முழு மூச்சா மிதிக்க யாருக்கும் மனசு வராது. அதனால 20 நிமிஷ டெஸ்ட், வர்ற சராசரியில் 95 சதவீதம். இதுதான் உலகத்துக்கே தெரிஞ்ச சூத்திரம். உலகம் மறந்தது என்னன்னா, புத்தகத்தில் இருக்கிற செய்முறையில் அந்த 20 நிமிஷத்துக்கு முன்னாடி 5 நிமிஷம் உயிரைக் கொடுத்து ஓட்டணும்னு இருக்கு. அப்புறம் 10 நிமிஷம் ஆசுவாசம், அதுக்கு அப்புறம்தான் 20. அந்த 5 நிமிஷம் சும்மா இல்ல. புதுசா இருக்கிற கால்ல ஒரு கையிருப்பு இருக்கும், அதைச் செலவழிச்சுட்டு மிச்சத்தை அளக்கணும். நான் பார்த்த வரைக்கும் பத்துப் பேர்ல ஒன்பது பேர் அதை விட்டுடறாங்க. நானும் விட்டேன். ஆப் கேக்கல, நானும் பண்ணல.

இதுக்கு ஆசிரியர்களைக் குறை சொல்ல முடியாதுன்னு நினைப்பீங்க. பாதி நியாயம். மீதிப் பாதிக்கு ஒரு சின்னக் கணக்கு போடணும்.

1965ல் பிரான்சில் மோனோ, ஷெரர் என்ற இருவர் தசை வேலையைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினாங்க. அதிலிருந்து வளர்ந்ததுதான் கிரிட்டிகல் பவர் மாடல். அது சொல்றது இதுதான்: உங்க கிட்ட ரெண்டு விஷயம் இருக்கு. ஒண்ணு, நிலையா வர்ற சம்பளம் மாதிரி ஒரு பவர், சிபி. ரெண்டாவது, அதுக்கு மேல செலவழிக்க ஒரு கையிருப்பு, கிலோஜூலில். பேர் டபிள்யூ பிரைம். சிபிக்கு மேல மிதிச்சா கையிருப்பு கரையும், கீழ வந்தா மெல்ல நிரம்பும். ஒரு குறிப்பிட்ட நேரத்துக்கு உங்களால் முடியும் அதிகபட்ச சராசரி பவர், சிபியோட, டபிள்யூ பிரைமை அந்த நேரத்தால் வகுத்துக் கூட்டினது.

இப்ப ரெண்டு பேரை எடுத்துக்குவோம். ரெண்டு பேருக்கும் சிபி 200 வாட். முதல் ஆளோட கையிருப்பு 12 கிலோஜூல். ரெண்டாவது ஆளுக்கு 24. 20 நிமிஷம்னா 1,200 நொடி. முதல் ஆள் டெஸ்ட்ல 210 எடுப்பார், 95 சதவீதம் 199.5. பிரமாதம், சூத்திரம் அப்படியே பொருந்துது. ரெண்டாவது ஆள் 220 எடுப்பார். 95 சதவீதம் 209. அவருக்கு எஞ்சின் ஒண்ணும் பெருசு இல்ல, பர்ஸ் கொஞ்சம் கனம், அவ்வளவுதான். 95ங்கிற எண் ஒரு மனுஷ சராசரி. அது உங்க எண் ஆகணும்னு எந்த விதியும் இல்ல.

அந்த ரெண்டாவது ஆள் நான்தான். அப்ப தெரியாது.

9 வாட் வித்தியாசம் பெரிய விஷயமான்னு கேப்பீங்க. நானும் அப்படித்தான் நினைச்சிருப்பேன். திரெஷோல்டு பயிற்சின்னா புத்தகம் சொல்ற செவ்வியல் பாடம் 2 தடவை 20 நிமிஷம். நான் அதை 209ல் பண்ணினேன். என் சிபிக்கு 9 வாட் மேல. 9ஐ 1,200ஆல் பெருக்கினா 10.8 கிலோஜூல். ரெண்டு தடவைக்கு 21.6. நடுவுல கிடைச்ச கொஞ்ச ஓய்வைக் கணக்குல எடுத்தாலும், மொத்தக் கையிருப்பு 24ல் பெரும்பகுதி காலி. அதாவது ஒவ்வொரு செவ்வாயும் வியாழனும் நான் பயிற்சி பண்ணல, கிட்டத்தட்ட பந்தயம் ஓட்டியிருக்கேன். கான்கிரீட் மொட்டை மாடி ரூம்ல, ஒரே ஒரு பெடஸ்டல் ஃபேன் முன்னாடி, ட்ரெய்னர் மேல. புத்தகத்தின் அட்டவணையில் சதவீதத்துக்கு ஒரு பத்தி இருக்கு, நாடித்துடிப்புக்கு ஒரு பத்தி இருக்கு, ரூம் வெப்பத்துக்குப் பத்தி இல்ல. மே மாசம் சென்னையில் 209 வாட்டும் ஊட்டியில் 209 வாட்டும் உடம்புக்கு ஒண்ணு இல்ல.

இதைவிட வேடிக்கை அடுத்த மாடியில்.

டிஎஸ்எஸ் கணக்குல ஒரு மணி நேரம் எப்டிபியில் ஓட்டினா 100. மத்ததெல்லாம் எப்டிபியோட விகிதத்தின் வர்க்கம். வர்க்கம்ங்கிறதைக் கவனிங்க. எப்டிபியை 209ன்னு தப்பா போட்டா, உண்மையில் 100 ஆக வேண்டிய உழைப்பு 91.6 ஆகத்தான் பதிவாகும். ஆக ஒரே தப்பு ரெண்டு பக்கமும் வெட்டுது: பயிற்சியைக் கடுமையாக்குது, அதே நேரத்துல அந்தக் கடுமையைக் கணக்குல குறைச்சுக் காட்டுது. நான் 12 வாரம், வாரத்துக்கு 575 டிஎஸ்எஸ்னு இலக்கு வச்சு ஓட்டினேன். உண்மையில் 628. சாப்ட்வேர்ல இப்படி ஒரு பக் இருந்தா, லோடு ஏற ஏற மானிட்டர் "எல்லாம் நலம்"னு பச்சை காட்டற மாதிரி. இரவு 2 மணிக்கு எழுப்பப்பட்டவங்களுக்குப் புரியும்.

மூணாவது மாடி சிடிஎல். தினசரி டிஎஸ்எஸ்ஸின் 42 நாள் எக்ஸ்பொனென்ஷியல் சராசரி. 7 நாளுக்கு எடுத்தா ஏடிஎல். முதலாவதிலிருந்து ரெண்டாவதைக் கழிச்சா "ஃபார்ம்". பல ஆப்புகள் சிடிஎல்லுக்குப் போடற பேர் "ஃபிட்னஸ்". இந்தப் பேர் மாற்றம்தான் என்னைக் கேட்டா எல்லாத்தையும்விடப் பெரிய தவறு. சி, டி, எல் என்ற மூன்று எழுத்தின் விரிவிலேயே "லோடு"ன்னுதான் இருக்கு. எவ்வளவு சுமந்தேங்கிற கணக்கு. சுமந்ததால் என்ன ஆனேங்கிற கணக்கு இல்ல.

இதன் மூலம் 1975ல் கனடாவில் எரிக் பானிஸ்டரும் கூட்டாளிகளும் போட்ட மாடல். அதில் பயிற்சி உள்ளே போகும், ஃபிட்னஸ் ஒரு வேகத்தில் கூடிக் குறையும், களைப்பு இன்னொரு வேகத்தில். ரெண்டுக்கும் தனித்தனிப் பெருக்கல் எண் உண்டு. அந்த எண்கள் எங்கிருந்து வரும்? அந்தக் குறிப்பிட்ட வீரரை அடிக்கடி டெஸ்ட் பண்ணி, அவர் உண்மையில் எப்படி ஓடினார்ங்கிறதுக்கு மாடலைப் பொருத்தி. அதாவது அங்க வெளியீட்டைச் சரிபார்க்க ஒரு கம்பி இருந்தது. காகன் நடைமுறைக்காக அந்தப் பெருக்கல் எண்களை எடுத்துட்டார். காரணம் நியாயமானது, சாதாரண ஆளுக்கு அவ்வளவு டெஸ்ட் சாத்தியமில்ல, கொஞ்சம் தரவை வச்சுப் பொருத்தினா எண்கள் தாறுமாறா வரும். புத்தகமும் எளிமைப்படுத்தினதை மறைக்கல. ஆனா எடுத்த பிறகு மிஞ்சினது என்ன? செயல்திறன் என்ற உள்ளீடே இல்லாத ஒரு "பெர்ஃபார்மன்ஸ் மேனேஜர்". நீங்க போன வாரம் வேகமா ஆனீங்களா மெதுவா ஆனீங்களான்னு அந்த வரைபடத்துக்குத் தெரியவே தெரியாது. எழுதின கோடு வரிகளை எண்ணி ப்ராஜெக்ட் எப்படிப் போகுதுன்னு சொன்ன மேனேஜர்கள் கிட்ட நான் வேலை பார்த்திருக்கேன். அதே விவகாரம்.

இன்னொண்ணு, ஒரே டிஎஸ்எஸ் ஒரே விஷயம் இல்ல. ஒரு மணி நேரம் கண்ணு இருட்டற அளவுக்கு ஓட்டினாலும் 100. எப்டிபியில் 60 சதவீதத்தில் பேசிக்கிட்டே 2 மணி 47 நிமிஷம் போனாலும் 100. மறுநாள் காலையில் ரெண்டு பேரையும் மாடிப்படி ஏறச் சொல்லிப் பாருங்க.

என் கதை எப்படி முடிஞ்சதுன்னா: 44 வயசு. சிடிஎல் 41ல் ஆரம்பிச்சு 12 வாரத்துல 76. கோடு அழகா மேல போகுது. காலை நாடி 52லிருந்து 60 ஆனது, டெஸ்க்ல உட்கார்ந்தா தூக்கம், படுத்தா தூக்கம் இல்ல. ரெஸ்ட் எடுக்கலாம்தான். ஆனா அந்தக் கணக்குல ஒரு வாரம் சும்மா இருந்தா 76 என்பது 64 ஆயிடும். பன்னிரண்டு புள்ளி! ரெண்டு மாச உழைப்பு கண்ணு முன்னாடி வழியற மாதிரி இருக்கும். அதனால எடுக்கல. பையனோட பிறந்த நாள் அன்னைக்குக்கூட விடிகாலை ரெண்டு மணி நேரம் ட்ரெய்னர். வீட்டம்மா ஒரே ஒரு வாக்கியம்தான் சொன்னாங்க: "நீங்க சைக்கிள் ஓட்டற மாதிரி தெரியல, அந்தக் கோட்டைத்தான் ஓட்டறீங்க."

பந்தயம் 40 கிலோமீட்டர் தனிநபர் டைம் டிரையல். முந்தின வருஷம் பெருசா பயிற்சி இல்லாம 1 மணி 12 நிமிஷம் 40 நொடி. இந்தத் தடவை 1 மணி 14 நிமிஷம் 5 நொடி. காத்து மேல பழி போடலாம்னு ஃபைலைத் திறந்தேன். முடியல. சராசரி பவரே 192லிருந்து 183 ஆயிருந்தது. "ஃபிட்னஸ்" கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு, வாட்ஸ் 5 சதவீதம் கம்மி. அன்னைக்கு ராத்திரி புத்தகத்தை அலமாரியில் பின் வரிசைக்குத் தள்ளிட்டேன்.

மூணு வாரம் எதுவும் பண்ணல. டாக்டர் ரத்தம் டெஸ்ட் எல்லாம் பார்த்துட்டு, ஒண்ணும் இல்ல, தூங்குங்கன்னு சொன்னார். அப்புறம் தனித்தனி நாள்ல ரெண்டு டெஸ்ட் ஓட்டினேன், ஒரு 3 நிமிஷம், ஒரு 12 நிமிஷம். முதலாவது 333 வாட், அதாவது மொத்தம் 60 கிலோஜூல். ரெண்டாவது 233, 168 கிலோஜூல். கணக்குக்கு வசதியா ஒண்ணு ரெண்டு வாட் முழுசாக்கியிருக்கேன். வித்தியாசம் 108 கிலோஜூல், நேர வித்தியாசம் 540 நொடி. வகுத்தா 200. அதுதான் சிபி. 3 நிமிஷத்துக்கு 200 வீதம் 36 போக மீதி 24, அதுதான் கையிருப்பு. ஒரு கால்குலேட்டர்ல முடியற வேலை. சிபியே ஒரு மணி நேரம் தாங்கற பவருக்குக் கொஞ்சம் மேலதான் இருக்கும், அதுவும் 3 நிமிஷம் மாதிரி சின்ன டெஸ்ட்ல கூடுதலா காட்டற வழக்கம் உண்டு. ஆக என் உண்மையான எப்டிபி 200க்கும் கீழ. 209 எங்க, இது எங்க.

நியாயமா சொல்லணும்னா, மூன்றாவது பதிப்பில் அவங்களே இந்தப் பக்கம் நகர்ந்திருக்காங்க. பல நேர அளவுகளின் பவரிலிருந்து மொத்த வளைகோட்டைப் பொருத்தி எப்டிபியை எடுக்கறாங்க, கையிருப்புக்கு எஃப்ஆர்சின்னு தனிப் பேர், உயர் தீவிரப் பயிற்சி நிலைகளை ஆளுக்கு ஆள் மாத்தறாங்க. நான் மேல வைத்த குறைக்கு அது பாதி பதில். ஆனா அதுக்குத் தனியா ஒரு மென்பொருள் வேணும். மேலும், ஊருக்குப் பரவினது மூன்றாம் பதிப்பு இல்ல, 95 சதவீதம்தான்.

பவர் புரொஃபைல் அட்டவணையையும் சொல்லாம விட முடியாது. 5 நொடி, 1 நிமிஷம், 5 நிமிஷம், எப்டிபி, நாலுக்கும் ஒரு கிலோ எடைக்கு எத்தனை வாட்னு போட்டு, பயிற்சி இல்லாதவர் முதல் உலகத் தரம் வரை வரிசை. ஆண்களுக்கு எப்டிபி உச்சி 6.4. எல்லோரும் முதல்ல புரட்டற பக்கம் இதுதான், நானும்தான். மேல் முனையை உலகச் சாம்பியன்களின் திறனை வச்சும், கீழ் முனையை பயிற்சி இல்லாத ஆட்களை வச்சும் நிறுத்திட்டு, நடுவுல எல்லாத்தையும் நேர்கோட்டில் நிரப்பினது. நடுவுல இருக்கிற "நல்லவர்", "மிக நல்லவர்" எல்லாம் ஆயிரம் பேரை அளந்து வந்த படிகள் இல்ல, ஸ்கேலில் போட்ட கோடு. ஒருத்தரோட நாலு எண்களை ஒண்ணோட ஒண்ணு ஒப்பிட்டு எது பலம் எது பலவீனம்னு பார்க்க உதவும். அதை மார்க் ஷீட்டா வாசிக்கிறது நம்ம ஆளுங்க வியாதி. ரேங்க் கார்டு பார்த்தே வளர்ந்த கூட்டம் வேற என்ன பண்ணும்?

என் கடைசிப் புகார் புத்தகத்தின் எடை எந்தப் பக்கம் சாயுதுங்கிறது. தலைப்பில் பந்தயம்னு இருக்கு. பந்தயத்தில் வாட்ஸுக்கு மெடல் கிடையாது.

ஒரு மணி நேர உலக சாதனையை எடுத்துக்குவோம். 2022 ஆகஸ்டில், சுவிட்சர்லாந்தின் கிரென்ஷன் வெலோட்ரோமில், டான் பிகம் 55.548 கிலோமீட்டர் ஓட்டினார். அவர் முழுநேர வேலை அப்ப இனியாஸ் அணியில் பொறியாளர். சுற்றுப் பந்தய நட்சத்திரம் இல்ல, காற்றுத் தடையைக் குறைக்கறதுல மன்னன். அதே வருஷம் அக்டோபரில், அதே வெலோட்ரோமில், ஃபிலிப்போ கன்னா 56.792. கன்னா உலகின் மிகப் பலமான டைம் டிரையல் வீரர்களில் ஒருத்தர். வேகத்தில் வித்தியாசம் 2.2 சதவீதம்தான். காற்றுக்கு எதிரான பவர் வேகத்தின் கன அளவில் ஏறும்ங்கிறதால, மத்த எல்லாம் சமம்னு வச்சா அது ஏறத்தாழ 7 சதவீத பவர். தசையில் தன்னைவிடப் பல படி மேல இருக்கிற ஒருத்தருக்கு இவ்வளவு பக்கத்துல ஒரு பொறியாளர் வந்தார்னா, அது கால்ல மட்டும் வந்ததில்ல. பிகம் 2021ல் 'ஸ்டார்ட் அட் தி எண்ட்'ன்னு ஒரு புத்தகம் எழுதியிருக்கார். இலக்கிலிருந்து ஆரம்பிச்சுப் பின்னோக்கி வா, எந்த இடத்துல ஒரு நொடி மலிவா கிடைக்குதோ அங்க போ, என்பது அதன் அணுகுமுறை. ஆலன்-காகன் புத்தகத்தை வச்சிருக்கறவங்க பக்கத்துல இதையும் வைக்கலாம்.

என் அளவுக்கு அந்தக் கணக்கைப் போட்டேன். நானும் சைக்கிளும் சேர்ந்து 85 கிலோ, சமதளம், காத்து இல்லாத நாள், சக்கரத்துக்கு வர்றது 195 வாட். முன்பக்கப் பரப்பையும் வடிவத்தையும் சேர்த்துச் சொல்ற சிடிஏ எண் 0.35ன்னா மணிக்கு சுமார் 33 கிலோமீட்டர். ஹேண்டில்பாரை இறக்கி, முழங்கையை உள்ள வச்சு, காத்துல படபடக்காத ஜெர்சி போட்டு அதை 0.30 ஆக்கினா 34.6. 40 கிலோமீட்டரில் மூணு நிமிஷத்துக்கு மேல. இதே வேகத்தைப் பழைய நிமிர்ந்த நிலையிலேயே கால் பலத்தால் எடுக்கணும்னா கூடுதலா 25 வாட் வேணும். இந்த வயசுல 25 வாட்டுக்கு ரெண்டு வருஷம் ஆகலாம், வராமலும் போகலாம். ஹேண்டில்பார் இறக்க ஒரு ஆலன் கீ போதும். கழுத்து வலி தனிக் கணக்கு.

அதுக்காக பயிற்சி வேண்டாம்னு சொல்ல வரல. அடுத்த சீசன் நான் வாரத்துல ரெண்டு நாள்தான் கடுமையா ஓட்டினேன், மீதி நாள் ஈசிஆர்ல அக்கரை தாண்டி மாமல்லபுரம் பக்கம், பேச்சு மூச்சு வாங்காத வேகத்துல. ஆறு வாரத்துக்கு ஒரு தடவை 3 நிமிஷம், 12 நிமிஷம். சிடிஎல் எவ்வளவுன்னு பார்க்கல. பார்க்கவே கூடாதுன்னு ஆப்ல அந்த வரைபடத்தை மறைச்சு வச்சேன், குடிகாரன் வீட்டுல பாட்டிலை மறைக்கிற மாதிரி. அதே 40 கிலோமீட்டர், 1 மணி 9 நிமிஷம் 50 நொடி. எவ்வளவு பயிற்சியால, எவ்வளவு ஆலன் கீயால, எவ்வளவு தூக்கத்தாலன்னு என்னால பிரிச்சுச் சொல்ல முடியாது. ஒரே ஆள், ஒரே பந்தயம். இதை ஆதாரம்னு எடுத்துக்க வேண்டாம். பவர் 196, அது மட்டும் ஃபைல்ல இருக்கு.

புத்தகம் மறுபடி முன் வரிசைக்கு வந்தாச்சு. நார்மலைஸ்டு பவர் அத்தியாயம், குவாட்ரன்ட் அத்தியாயம், பந்தய ஃபைலைப் பிரிச்சு வாசிக்கிற பகுதிகள், இதெல்லாம் வேற எங்கயும் இவ்வளவு தெளிவா நான் பார்த்ததில்ல. பெர்ஃபார்மன்ஸ் மேனேஜர் அத்தியாயத்தின் ஓரத்துல மட்டும் பென்சில்ல "இதில் நீ எங்கே?"ன்னு எழுதி வச்சிருக்கேன்.

பையன்கிட்ட என் பிரதியையே கொடுத்துட்டேன். "முதல்ல டெஸ்ட் அத்தியாயம் படி, அந்த 5 நிமிஷத்தை விட்டுடாத"ன்னேன். மறுநாள் மெசேஜ்: "அண்ணா, 5 நிமிஷம் முடிச்சதும் வாந்தி வந்துடுச்சு. 20 பண்ணல. அந்த 3, 12 கணக்கை அனுப்புங்க."

அனுப்பியிருக்கேன். வர்ற ஞாயித்துக்கிழமை 5 மணிக்கு அக்கரை சிக்னல்ல நிக்கறதா சொல்லியிருக்கான். 12 நிமிஷம் அவனுக்கு, ஸ்டாப்வாட்ச் எனக்கு.